கொரியாவில் ஸ்க்ளிரோடெர்மா: தோலோடு நின்றுவிடாதீர்கள்

சீட்டில் 'சிஸ்டமிக் ஸ்க்ளிரோசிஸ்' (உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஸ்க்ளிரோடெர்மா) என்று எழுதிக் கொடுத்தால், அன்று இரவே கூகுளில் தேடப்படும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை வருஷம்? கிடைக்கும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளுடையவை. அவற்றில் பல பழையவை. கார் தொழிற்சாலைகளை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர், சென்னைப் பக்கம் வந்து தங்கும் கொரியக் குடும்பங்களில் சிலர் எங்கள் வாதநோய்ப் பிரிவுக்கும் வருகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் கொரிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இது உடலின் எதிர்ப்புசக்தி தன் உடலையே தாக்கும் நோய். சிறு ரத்தக்குழாய்கள் கெடும். தோலிலும் உள்ளுறுப்புகளிலும் நார்த்திசு சேர்ந்து இறுகும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. நடுத்தர வயதில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. பெரும்பாலும் முதல் அறிகுறி ரேனாட்: குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். சியோலில் ஜனவரியில் சராசரி வெப்பநிலையே பூஜ்ஜியத்துக்குக் கீழே. நவம்பரில் கிம்ச்சி போடும் நாட்களில் முட்டைக்கோஸை உப்புநீரில் அலசி எடுக்கும் பெண்ணுக்கு விரல் வெளுத்தால், 'குளிர்காலம், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவார். இங்கே நடப்பது நேரெதிர். "சென்னை வந்ததும் சரியாகிவிட்டது" என்றார் ஒரு அம்மா. சரியாகவில்லை, வெயில் மறைத்திருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த மீன் பாக்கெட்டை எடுத்தபோது பிடித்த படத்தைப் போனில் காட்டினார். மூன்று விரல்கள் நடுக்கணு வரை கோடு போட்டதுபோல வெளுத்திருந்தன.

அவருடைய விரலின் மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தேன், மடிப்பு எழவில்லை. நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் பார்த்தால், சில ரத்தக்குழாய்கள் உப்பிப் பெருத்திருந்தன. இடையில் குழாயே இல்லாத வெற்றிடங்கள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கு 'இல்லை' என்றார். மாடிப்படி ஏறுவீர்களா என்று கேட்டேன். ஒரு வருஷமாகவே லிஃப்ட்தானாம். ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் கீழ்ப்பகுதியில் வைத்தால், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் செருப்புப் பட்டையின் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம்.

கொரிய நோயாளிகளைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்தச் சத்தத்தை, அதாவது நுரையீரல் தழும்பைத்தான். ஐரோப்பிய வம்சாவளியினரோடு ஒப்பிட்டால் கொரியர்களிடம் ஆன்டி சென்ட்ரோமியர் என்ற எதிர்ப்பொருள் (எதிர்ப்புசக்தி தன் உடலுக்கு எதிராகவே உருவாக்கும் புரதம்) குறைவு. எஸ்சிஎல் 70 என்று ரிப்போர்ட்டில் வருகிற எதிர்ப்பொருள் அதிகம். இந்த இரண்டாவது வகை நுரையீரலைத் தழும்பாக்கும் நோயோடு பெரும்பாலும் சேர்ந்து வரும். சிறுநீரக நெருக்கடியோடு (ரத்த அழுத்தம் திடீரென்று ஏறிச் சிறுநீரகம் கெடும் நிலை) தொடர்புள்ள ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 எதிர்ப்பொருள் அவர்களிடம் அரிது. அந்த நெருக்கடியும் குறைவு.

மேலை நாடுகளிலேயே படம் மாறிவிட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் 1972 முதல் முப்பது ஆண்டு மரணங்களை ஆராய்ந்தார்கள். இந்நோயால் இறந்தவர்களில் சிறுநீரக நெருக்கடியின் பங்கு 42 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியிருந்தது. கேப்டோபிரில் வகை ரத்த அழுத்த மருந்துகள் செய்த வேலை அது. நுரையீரல் தழும்பின் பங்கோ 6 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக ஏறியிருந்தது. கொரியாவிலும் உயிரைப் பறிப்பதில் முன்னால் நிற்பது நுரையீரல்தான்.

அப்புறம், அந்த 'எத்தனை வருஷம்' கேள்வி. கொரியாவில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்பீடு. அரிய நோய் என்று பதிவு செய்தால் நோயாளி கட்ட வேண்டியது ஒரு சிறு பங்கு மட்டும். அதனால் பெரும்பாலானோர் பதிவு செய்துவிடுகிறார்கள், நாடு முழுவதற்குமான கணக்கும் கிடைக்கிறது. ஒரு பெரிய மருத்துவமனையின் கணக்கை மட்டும் பார்த்தால் நிலைமை மோசமாகத் தெரியும், கடுமையான நோயாளிகள்தான் அங்கே போய்ச் சேருவார்கள். முதலில் விரல் வெளுத்த நாளிலிருந்து எண்ணினால் ஆயுள் நீண்டு தெரியும், நோயைக் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணினால் குறையும். இதையெல்லாம் பார்க்காமல் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு அழுவதில் பயனில்லை. பொது மக்களைவிட மரண ஆபத்து அதிகம் என்பது உண்மை. பெரும்பாலானோர் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. தோல் இறுக்கம் முழங்கையைத் தாண்டி மேலே ஏறியவர்கள், வயதானவர்கள், நுரையீரலோ இதயமோ பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரிடம்தான் எனக்குக் கவலை அதிகம்.

நோய் உறுதியான அன்றே எச்ஆர்சிடி ஸ்கேன் (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி), டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் அளவு) சேர்ந்த மூச்சுப் பரிசோதனை, இதயத்துக்கான எக்கோ மூன்றையும் எழுதிவிடுவேன். வெறும் மார்பு எக்ஸ்ரே போதாது. ஆரம்பத் தழும்பு அதில் தெரியாமல் போகும். ஊதிப் பார்க்கும் டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் ஸ்கேனை விட முடியாது. முதல் சில வருடங்களில்தான் நுரையீரல் வேகமாகக் கெடும். மூச்சுப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது அதனால்தான். எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தான மைக்கோஃபினோலேட் பல காலமாகக் கையில் இருக்கிறது. அமெரிக்க எஃப்டிஏ 2019இல் நின்டெடானிபுக்கும் 2021இல் டோசிலிசுமாபுக்கும் இந்த நுரையீரல் பாதிப்புக்காகவே அனுமதி தந்தது. இவை கெடுவதை மெதுவாக்கும், விழுந்த தழும்பை அழிக்காது. ஆகவே சீக்கிரம் தொடங்குவதில்தான் லாபம்.

கொரியர்களுக்குச் சிறுநீரக நெருக்கடி குறைவு என்பதற்காக ஸ்டீராய்டை அள்ளிக் கொடுக்கக் கூடாது. தினம் 15 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் போனால் அந்த ஆபத்து ஏறும். கை வீக்கத்துக்கு வேறு யாராவது ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் எங்களிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். வீட்டில் ஒரு பிபி மெஷின் வாங்கி வையுங்கள். வழக்கத்தைவிடத் திடீரென்று ஏறினால், கூடவே தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்கு வாருங்கள்.