விளக்கின் வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டும் பழைய டிவிடி

பர்மா பஜாரில் ஒரு காலத்தில் அடுக்கடுக்காக விற்ற டிவிடி வட்டுகளை இன்று கேட்பாரில்லை. வடசென்னை வீடுகள் பலவற்றில் அவை பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. சில வீடுகளில் புறா வந்து அடையாமல் இருக்க மொட்டைமாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. வெயில் பட்டதும் சுவரில் வானவில் நிறங்களை வீசும் அந்த வட்டிலிருந்து ஒரு சிறு துண்டையும் ஒரு காலி ஷூ பெட்டியையும் கொண்டு, நம் தெருவில் எரியும் விளக்கு எந்தப் பொருளால் ஒளிர்கிறது என்று, அதன் ஒளியை நிறமாலையாக, அதாவது நிறங்களின் வரிசையாகப் பிரித்துக் கண்டறியும் நிறமாலைநோக்கியை ஒரு பிற்பகலுக்குள் செய்துவிடலாம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்தால், கருவியும் நன்றாக அமையும், அதில் காண்பதும் புரியும்.

டிவிடியின் பரப்பு வழவழப்பாகத் தோன்றினாலும், அதன் உள்ளே ஒரே ஒரு தடம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் சுருளாகச் சுற்றிச் செல்கிறது. அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவு 740 நானோமீட்டர் மட்டுமே (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்). ஆகவே ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 1350 சுற்றுகள் அடங்கிவிடுகின்றன. பதிவுப் பகுதி மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிவதாகக் கொண்டு கணக்கிட்டால் சுமார் 46,000 சுற்றுகள் வரும். அந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்ட முடிந்தால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் நீளும். ராயபுரத்தில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை எண்ணூரை நெருங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஊதாவில் சுமார் 400 நானோமீட்டரிலிருந்து சிவப்பில் சுமார் 700 நானோமீட்டர் வரை உள்ளது. தடங்களின் இடைவெளியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால்தான் வட்டில் நிறங்கள் தோன்றுகின்றன. இது கண்ணாடிப் பட்டகத்தில் நிகழும் நிறப்பிரிகை அன்று. பட்டகத்துக்குள் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் செல்வதால் வெவ்வேறு அளவில் வளைகிறது. டிவிடியிலோ, ஒவ்வொரு தடத்தில் பட்ட ஒளியும் அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அவ்வாறு பரவும் அலைகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பார்க்கும்போது, ஒரு தடத்திலிருந்து வரும் அலை அடுத்த தடத்திலிருந்து வரும் அலையைவிடச் சரியாக ஓர் அலைநீளம் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால், முகட்டோடு முகடு சேர்ந்து அந்த நிறம் பளிச்சென்று தெரியும். அப்படிப் பொருந்தாத கோணங்களில் ஆயிரக்கணக்கான தடங்களின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு இருள் மட்டுமே எஞ்சும். இவ்வாறு நெருக்கமான இணைகோடுகளால் ஒளியைப் பிரிக்கும் அமைப்பைக் கீற்றணி என்பர்.

ஒளி செங்குத்தாக விழும்போது, ஒரு நிறம் வெளிப்படும் கோணத்தின் சைன் மதிப்பு, அதன் அலைநீளத்தைத் தட இடைவெளியால் வகுத்தால் கிடைக்கும். டிவிடியில் 450 நானோமீட்டர் நீலம் 37 பாகையிலும், 550 நானோமீட்டர் பச்சை 48 பாகையிலும், 650 நானோமீட்டர் சிவப்பு 61 பாகையிலும் வெளிப்படுகின்றன. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே 24 பாகை விரிவு கிடைக்கிறது. சிடியில் தட இடைவெளி 1600 நானோமீட்டர் என்பதால், அதே இரு நிறங்களுக்கு இடையே 8 பாகைகூட வருவதில்லை. சிடியில் செய்த கருவிகளில் நிறங்கள் நெருங்கித் தெரிவதற்கு இந்தக் குறுகலே காரணம். இடைவெளி இன்னும் குறைந்த ப்ளூ-ரே வட்டு இன்னும் மேலாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதன் தட இடைவெளி 320 நானோமீட்டர். செங்குத்தாக விழும் ஒளியில் ஊதாவுக்கே சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அப்படியொரு கோணமே இல்லை என்பதால், நிறம் எதுவும் பிரிந்து வெளிப்படாது. நம் வேலைக்கு டிவிடியே ஏற்றது.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்தது. தடம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கத்தரிக்கோலால் ஒரு துண்டை வெட்டி, அதன் ஓரத்தில் பிளேடு முனையை மெல்லச் செருகித் திருப்பினால் இரு தகடுகளும் பிரிந்துவிடும். வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒரு பக்கத்தோடு போய்விட, மறுபக்கம் ஒளி ஊடுருவும் தகடாகக் கிடைக்கும். வீட்டில் பதிவு செய்யப் பயன்பட்ட வெற்று டிவிடி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் படத்தோடு விற்ற வட்டில் தடம் சிறு குழிகளின் வரிசையாக விட்டுவிட்டு இருக்கும், வெற்று வட்டிலோ அறுபடாத வரிப்பள்ளமாக இருக்கும் என்பதால் கீற்றணி சீராக அமைகிறது. அதில் ஊதா நிறச் சாயம் ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கழுவினால் போய்விடும். தடம் இருக்கும் பரப்பை மட்டும் விரலால் தொடக்கூடாது; அங்கே படியும் எண்ணெய்ப் பசையைத் தேய்த்து எடுக்கப் போனால் கீறல் விழுந்து நிறமாலை மங்கிவிடும். துண்டு வட்டின் வெளி விளிம்பிலிருந்து வெட்டியதாக இருப்பது நல்லது. அங்கே தடங்களின் வளைவு குறைவு.

ஷூ பெட்டியின் ஒரு குறுகிய பக்கத்தில் சிறு துளையிட்டு, ஒரு சேவிங் பிளேடை இரண்டாக ஒடித்து, அவற்றின் கூரான ஓரங்கள் எதிரெதிராக மயிரிழை இடைவெளியில் நிற்குமாறு துளையின்மேல் ஒட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவு சன்னல் வெட்டி டிவிடித் துண்டை ஒட்ட வேண்டும். பிளேடு இடுக்கும் வட்டின் தடங்களும் ஒரே திசையில் இணையாக ஓட வேண்டும் என்பதே இதில் தவறக்கூடாத விதி. திசை மாறினால் நிறமாலையில் தெரியும் கோடுகள் சாய்ந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். பெட்டியின் உட்புறம் முழுவதும் கறுப்புச் சார்ட் ஒட்டி, மூடியின் ஓரங்களை இன்சுலேஷன் டேப்பால் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இடுக்கை விளக்கின் பக்கம் திருப்பி, டிவிடித் துண்டின் அருகே கண்ணை வைத்து, நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் ஏறக்குறைய 45 பாகை சாய்த்துப் பார்த்தால், பெட்டியின் பக்கச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் நிறமாலை விரிந்து நிற்கும்.

இடுக்கின் அகலம் ஏன் இத்தனை முக்கியம் என்றால், நிறமாலையில் நாம் காணும் ஒவ்வொரு கோடும் அந்த இடுக்கின் பிம்பம்தான். பெட்டி 20 சென்டிமீட்டர் நீளமும் இடுக்கு 0.2 மில்லிமீட்டர் அகலமும் இருந்தால், பச்சைப் பகுதியில் அரை நானோமீட்டர் வேறுபாடுள்ள நிறங்கள்வரை பிரியக்கூடும் என்று கணக்குச் சொல்கிறது. வெட்டிய துண்டின் குறைகளால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். இடுக்கு ஒரு மில்லிமீட்டராக இருந்தால் கோடுகள் இரண்டரை நானோமீட்டர் அகலத்துக்குத் தடித்துவிடும். பாதரச ஆவி வெளியிடும் 577, 579 நானோமீட்டர் மஞ்சள் கோடுகள் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதே நாம் செய்த கருவிக்கு நல்ல சோதனை. ஒன்றாகத் தெரிந்தால் பிளேடுகளை இன்னும் நெருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். இக்கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது; இடுக்கு எவ்வளவு குறுகலாக இருந்தாலும் கண்ணுக்குக் கேடு. பகலொளியைப் பார்க்க விரும்புவோர் சூரியன் இல்லாத திசையில் வானத்தையோ வெயில் படும் வெள்ளைச் சுவரையோ பார்த்தால் போதும்.

குண்டு பல்பில் ஊதாவிலிருந்து சிவப்புவரை இடைவெளியே இல்லாத தொடர் நிறமாலை தெரியும். சூடான டங்ஸ்டன் இழை எல்லா அலைநீளங்களிலும் ஒளி தருகிறது. டியூப் லைட்டில் 436 நானோமீட்டர் நீலக் கோடும் 546 நானோமீட்டர் பச்சைக் கோடும் கூர்மையாக நிற்கும்; இரண்டும் குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியின் கோடுகள். அணுவில் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது அந்த வேறுபாட்டுக்கு உரிய அலைநீளத்தை மட்டுமே வெளியிடுகின்றன. ஒவ்வொரு தனிமத்துக்கும் இந்த நிலைகள் வேறு வேறு என்பதால் கோடுகளும் வேறு வேறு. இதைக் கொண்டு தனிமங்களை அடையாளம் காணலாம் என்று 1859-60 ஆண்டுகளில் பன்சனும் கிர்க்காஃபும் ஜெர்மனியில் நிறுவினர். சீசியம், ருபீடியம் ஆகிய புதிய தனிமங்களையும் நிறமாலைக் கோடுகளைக் கொண்டே கண்டுபிடித்தனர். சோடியத்தின் மஞ்சள் கோடு காற்றில் மிதக்கும் உப்புத் துகளால்கூடத் தோன்றிவிடும் அளவுக்கு நுட்பமானது. காசிமேட்டுக் கடற்காற்று வீசும் வீட்டில் காஸ் அடுப்பின் நீலச் சுடரை இக்கருவியால் பார்த்தால், சுடருக்கே உரிய பச்சை, நீலப் பட்டைகளோடு 589 நானோமீட்டரில் அந்த மஞ்சள் கோடு அவ்வப்போது மின்னி மறையக் காணலாம். ஒரு சிட்டிகை உப்பை நீரில் கரைத்து, கரண்டி நுனியில் தொட்டுச் சுடரில் காட்டினால் கோடு நிலைத்து நிற்கும்.

என் கருத்தில், மின்விளக்குகளில் மிகச் சுவையான காட்சியைத் தருவது பழைய சோடியம் தெருவிளக்கே. தெருக்களில் எல்.இ.டி. விளக்குகள் பெருமளவில் வந்துவிட்டாலும், கிடங்கு வளாகத்திலோ பழைய சந்திலோ மஞ்சள் சோடியம் விளக்கு மிச்சமிருந்தால், கரண்ட் போய் வந்த உடனே அதைப் பார்க்க வேண்டும். விளக்கு மீண்டும் பற்றிக்கொள்ளும்போது 589 நானோமீட்டரில் மெல்லிய மஞ்சள் கோடு தோன்றும். விளக்கு சூடாகி உள்ளழுத்தம் ஏற ஏற அக்கோடு இரு பக்கமும் தடித்து அகலப் பட்டையாகும். சில நிமிடங்களில் அந்தப் பட்டையின் நடுவே, முன்பு மிகப் பளிச்சென்று இருந்த அதே இடத்தில், கரிய பிளவு ஒன்று உருவாகும். நடுவே கொதிக்கும் சோடியம் ஆவி வெளியிடும் மஞ்சள் ஒளியை, குழாய்ச் சுவரை ஒட்டிச் சற்றுக் குளிர்ந்து நிற்கும் சோடியம் ஆவி உறிஞ்சிக்கொள்வதே காரணம். எந்த அலைநீளத்தை ஓர் அணு வெளியிடுகிறதோ அதையே அது உறிஞ்சவும் செய்யும் என்ற கிர்க்காஃபின் விதியைத் தெருவோரத்தில் நின்றே பார்த்துவிடலாம்.

சூரிய ஒளியில் உள்ள கருங்கோடுகளுக்கும் விளக்கம் இதுவே. 1814இல் ஃபிரான்ஹோஃபர் சூரிய நிறமாலையில் இத்தகைய கோடுகளை நூற்றுக்கணக்கில் குறித்தார். நம் கருவியிலும் இடுக்கு போதிய குறுகலாக இருந்தால், பகல் வானத்தின் நிறமாலையில் 589இல் சோடியத்தின் கோடும், 517ஐ ஒட்டி மக்னீசியத்தின் கோடுகளும், 486இல் ஹைட்ரஜனின் கோடும் மெல்லிய நிழல்களாகத் தெரியும். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் பாக்சனும் நிறமாலைநோக்கியால் ஆராய்ந்தனர். அப்போது சூரிய விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தினது அன்று, 587.6 நானோமீட்டரில் ஒளிரும் ஹீலியத்தினது என்று பின்னர் தெளிவாயிற்று. அந்த ஹீலியம் பூமியில் 1895இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டு கோடுகளுக்கும் வேறுபாடு ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவு.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் புடவை எடுப்போர் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது வழக்கம். அந்த வழக்கத்தின் நியாயத்தை எல்.இ.டி. விளக்கின் நிறமாலை காட்டிவிடும். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் நீல எல்.இ.டி.; அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சிப் பச்சையிலிருந்து சிவப்புவரை பரந்த ஒளியாக மாற்றுகிறது. ஆகவே நிறமாலையில் நீலம் தனியாக எழும்பி நிற்கும், 480 நானோமீட்டர் அருகே பள்ளம் விழும், சிவப்பின் கடைக்கோடி மங்கும். விளக்கில் இல்லாத அலைநீளத்தைத் துணி திருப்பி அனுப்ப இயலாது. மயில்கழுத்து நிறமும் அடர்ந்த அரக்கும் கடைக்குள் ஒருவிதமாகவும் வெயிலில் வேறுவிதமாகவும் தெரிவது இதனால்தான்.

கண்ணால் பார்த்ததை எண்ணாக மாற்றச் செல்போன் கேமராவை டிவிடித் துண்டின்மேல் வைத்துப் படம் எடுத்தால் போதும். முதலில் டியூப் லைட்டைப் படம் பிடித்து, 435.8, 546.1 நானோமீட்டர் கோடுகள் படத்தில் எந்தப் பிக்சலில் விழுகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவை 400ஆம், 841ஆம் பிக்சல்களில் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம், 110.3 நானோமீட்டருக்கு 441 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்குக் கால் நானோமீட்டர். போனை அசைக்காமல் அடுத்து எந்த விளக்கைப் படம் எடுத்தாலும், அதன் கோடு எந்த அலைநீளம் என்று ஓரிரு நானோமீட்டர் பிழைக்குள் சொல்லிவிடலாம். சோடியம் கோடு 1014ஆம் பிக்சலை ஒட்டி வர வேண்டும். கோணத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள தொடர்பு முற்றிலும் நேர்கோட்டில் அமையாததால் சிவப்பை நோக்கிப் போகப் போகப் பிழை கூடும். சிவப்பில் அலைநீளம் தெரிந்த கோடு ஒன்றையும், எடுத்துக்காட்டாக சி.எஃப்.எல். விளக்கில் யூரோப்பியம் என்னும் தனிமம் தரும் 611 நானோமீட்டர் கோட்டை, மூன்றாவது புள்ளியாகச் சேர்த்துக்கொண்டால் அந்தப் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும்.