சென்னையில் எட்டு மணி, டர்பனில் நாலரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த புதிதில், எடை குறைக்க வருபவர்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். காலையில் என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன? டயட்டீஷியன் படிப்பில் சொல்லிக்கொடுத்தது அதுதான். இப்போது முதலில் கேட்பது, "எந்தெந்த சீரியல் பார்க்கிறீங்க?"

என்னை மாற்றியவர், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஓர் ஆயா. இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். (அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 62, சர்க்கரை, முட்டிவலி. நான் கேட்டபடி நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ரெண்டு ரொட்டி, பருப்பு, பீன்ஸ் கறி, ராத்திரி சூப், பிரியாணி ஞாயிற்றுக்கிழமை மட்டும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருந்தது. தைராய்டும் பார்த்தாயிற்று, சரியாகவே இருந்தது.

கூட வந்த பேத்திதான் சிரித்தாள். "ஆயா, அந்த ஐஸ்கிரீம் டப்பாவைச் சொன்னீங்களா?"

காலியான இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை இங்கே எந்த வீட்டிலும் தூக்கிப் போடுவதில்லை. ஆயா வீட்டு டப்பாவில் சேவும் வேர்க்கடலையும். அதன் இடம் சமையலறை அல்ல, சோபா கைப்பிடிக்கும் மெத்தைக்கும் நடுவில். "அது சாப்பாடா கண்ணு? சும்மா வாய்க்கு" என்றார் ஆயா.

அவர் பொய் சொல்லவில்லை. கண் திரையில் இருக்கும்போது கை போட்டது கணக்கில் ஏறுவதில்லை. டிவி பார்த்தபடி மதிய உணவு சாப்பிட்டவர்கள், பிறகு பிஸ்கெட் தட்டை நீட்டினால் அதிகமாக எடுக்கிறார்கள் என்று பிரிட்டனில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டது மனதில் சரியாகப் பதியாததுதான் காரணம் என்கிறார்கள். ஒரு கைப்பிடி சேவு, சுமார் 30 கிராம், 150 கலோரிக்குக் குறையாது. ஒரு சீரியலுக்கு எத்தனை கைப்பிடி என்று நான் கேட்கவில்லை. பேத்தி விரல் விட்டுக் காட்டினாள்.

அப்புறம் நேரத்தைக் கேட்டேன். எனக்கு உறைத்தது அங்கேதான். இந்திய நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. சென்னையில் இரவு எட்டு மணிக்கு வரும் சீரியலை நேரலையில் பார்த்தால் டர்பனில் மாலை நாலரை. சென்னைக்காரர்களுக்கு சீரியலோடு போவது ராத்திரிச் சாப்பாடு. நமக்கு டீ நேரமும் வெளிச்சமும் சேர்ந்து போகின்றன. ஜூன் மாதத்தில் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். சீரியல் முடிந்து செருப்பு மாட்டும்போது வெளியே கும்மிருட்டு. இருட்டில் தனியாக நடக்கச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான். ஆயாவுக்கு அப்போது 14 வயது. அதற்கு முன் சாயங்காலம் என்றால் கொல்லையில் கறிவேப்பிலைக்கும் புதினாவுக்கும் தண்ணீர் ஊற்றுவது, துணி எடுப்பது, பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசுவது என்று அவரே சொன்னார்.

அந்த வேலைகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 50,000 நர்சுகளை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் டிவி முன் இரண்டு மணி நேரம் கூடக்கூட உடல்பருமன் அபாயம் 23 சதவீதமும், சர்க்கரை நோய் அபாயம் 14 சதவீதமும் கூடியிருந்தது. வீட்டிலேயே நின்றும் நடந்தும் இருக்கும் நேரம் இரண்டு மணி கூடியவர்களுக்குப் பருமன் அபாயம் 9 சதவீதம் குறைவு.

டிவியைக் குறைத்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 36 பேரை வைத்து ஒரு சின்னச் சோதனை நடந்தது. அதில் 20 பேருக்கு, வழக்கமான நேரத்தில் பாதி ஆனதும் டிவி தானே அணைந்துவிடும். தினமும் 119 கலோரி அதிகமாகச் செலவானது. ஆனால் சாப்பாட்டின் அளவில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே நாற்காலியைத் தனியாகவும் டப்பாவைத் தனியாகவும் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. லோட்ஷெடிங் என்று முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய காலத்தில் நானே பார்த்தேன். டிவி இல்லாத மாலைகளில் யாரும் இளைக்கவில்லை. அடுப்பும் இல்லையென்று கடையில் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கிச் சாப்பிட்டார்கள்.

(ஆண்கள் தப்பித்தோம் என்று சிரிக்க வேண்டாம். சனிக்கிழமை ரக்பி, பக்கத்தில் சில்லி பைட்ஸ் என்ற காரத் தீனி, கையில் பீர். அந்தக் கணக்கு இதைவிட மோசம்.)

ஆயாவிடம் பேரம்தான் நடந்தது. மூன்று சீரியலில் ஒன்றை விடச் சம்மதித்தார். "அது இழுத்துக்கிட்டே போகுது." இன்னொன்றை ராத்திரி பேத்தி போனில் போட்டுக் காட்டுவாள். அது வழக்கமாக ஓடும் சாயங்கால நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, முட்டி தாங்கும் அளவுக்குத் தெருமுனை வரை நடை. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் நடையைக் கூட்டுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; ஆயாவும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். மூன்றாவது சீரியலை விடவே மாட்டேன் என்றார். சரி, நின்றுகொண்டு பாருங்கள் என்றேன், துணி அயர்ன் பண்ணும் மேசையை டிவிக்கு எதிரே போட்டு. டப்பா சமையலறை மேல்தட்டுக்குப் போனது. வேண்டுமானால் எழுந்து போய் சின்னக் கிண்ணத்தில் போட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

நாலு மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கியிருக்கிறது. போன வாரம் பேத்தி ஒரு புகாரோடு வந்தாள். மாமியார் பாலில் விஷம் கலந்த அன்று தம்பியின் பள்ளிச் சட்டை கருகிவிட்டதாம்.