ஏபிசி தெரியும், தண்ணி கேட்கத் தெரியாது

வெள்ளவத்தையிலிருந்து இரண்டரை வயது மகனோடு வந்த தாய், கதிரையில் உட்காரும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார்: "மிஸ், இவன் ஏபிசி முழுக்கச் சொல்லுவான், எல்லாக் கலரும் தெரியும், ஆனா தண்ணி வேணும் எண்டு கேக்கத் தெரியாது." பேச்சு மொழிச் சிகிச்சைக்கு என்னிடம் இப்படி நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். போனில் பாட்டுப் பார்த்துப் பிடித்த பெயர்கள் வாய் நிறைய இருக்கும். தா, எடு, ஊத்து, திற என்று ஒரு காரியத்தை நடத்திக்கொள்ளும் சொல் இருக்காது.

அந்தச் சொற்கள் குசினியில் கொட்டிக் கிடக்கின்றன. அம்மம்மா சொதி வைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். "தேங்காய் உடைப்பம், டப்! இப்ப திருவுவம். தண்ணி ஊத்து. பிழி, இன்னும் பிழி. வடிப்பம்." ஐந்து வினைச்சொல், கை நனைய நனைய. நாளைக்கும் அதே சொதி, அதே சொல். நமக்குத்தான் அலுக்கும், பிள்ளைக்கு அலுக்காது.

பிள்ளைக்குப் பரீட்சை வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. அன்று அந்தப் பையன் விளையாட்டு ரயிலைத் தள்ளிக்கொண்டு "கோச்சி" என்றான். உடனே தாய், "ட்ரெயின் எண்டு சொல்லுங்கோ, என்ன கலர்?" பையன் வாயை மூடிக்கொண்டான். நான் "ஓம், கோச்சி போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன் (பெற்றோருக்கு அது ஒரு யுகம்). "போது" என்றான். அவன் ஒன்று சொன்னால் நாம் இரண்டாக்கிக் கொடுத்தால் போதும், திருத்தவே வேண்டாம்.

ஸ்கூல் அட்மிஷனுக்காக வீட்டில் தட்டுத் தடுமாறி இங்கிலிஷ் கதைக்கிறவர்களுக்கு ஒன்று: இரண்டு மொழி கேட்பதால் பேச்சுப் பிந்தாது, ஆனால் உங்களுக்குக் கொஞ்சலும் கோபமும் எந்த மொழியில் வருகிறதோ அதில் கதையுங்கள். போன், டிவி விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 2 வயதுக்குள் வேண்டாம், 2 முதல் 4 வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்.

2 வயதாகியும் 50 சொல் அளவுக்கு இல்லை, இரண்டு சொல்லைச் சேர்க்கவும் இல்லை என்றால், "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று சும்மா இருக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி தடிமன் பிடித்துக் காதுக்குள் நீர் கட்டிய பிள்ளைக்கு, நாம் சொல்வதில் பாதி போய்ச் சேராது.