பல்லில் ஏது தகடு?

ஈறு நோய் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் ‘பல் தகடு’ வந்து நிற்கிறது. ‘தகட்டை அகற்றாவிட்டால் ஈறுகளில் ரத்தம் கசியும்’ என்கிறார்கள். பல்லில் ஏது தகடு?

மூலச்சொல் ‘பிளாக்’ (plaque). பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. தட்டையான தகடு, பலகை என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், முதல் பொருளை எடுத்துக்கொண்டார், மூடிவிட்டார். ‘பிளேக்’ என்று எழுதிக் கொள்ளைநோயையே வாய்க்குள் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அவர்களை விடுங்கள்.

செம்புத் தகடு, தகரத் தகடு என்று தகடு எதுவானாலும் விறைப்பானது. பல்லில் சேர்வதோ பிசுபிசுத்த கிருமிப் பூச்சு. 1683-இல் தன் பல்லிடுக்கிலிருந்து அதை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்த டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக், கரைத்த மாவு போன்ற வெள்ளைப் பொருள் என்றுதான் எழுதினார். பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே மறுபடி சேரத் தொடங்கும். ஒழுங்காகத் துலக்கினால், பல்லிடுக்கையும் சுத்தம் செய்தால், போய்விடும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிவிடும். அப்படி இறுகியதற்குத்தான் ‘காரை’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறதே! காரை பிரஷ்ஷுக்கு அசையாது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். இளகியதையும் ‘தகடு’ என்று சொல்லிவிட்டால் படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, ‘இது நம் கையால் ஆகாது’ என்று இருந்துவிடுவார்.

ஆனால் அது நம் கையில்தான் இருக்கிறது. 1965-இல் டென்மார்க்கில் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், ஈறு நன்றாக இருந்தவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. துலக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

சிலர் ‘படிவு’ என்கிறார்கள். தகட்டுக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் தூசிகூடத்தான் படிகிறது. இதுவோ உயிருள்ளது, வளர்வது. என் ஓட்டு ‘பற்படலத்துக்கு’. கண் படலம் நினைவுக்கு வருமே என்றால், வரட்டும், அதனால் யாருக்கும் பல் கெடாது.

அப்புறம் அந்த ‘ஈறு வீக்கம்’. மீளக்கூடிய ஈறு அழற்சியையும், பல்லைத் தாங்கும் எலும்பையே கரைக்கும் பல்சூழ் திசு அழற்சியையும் இந்த ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். முதலாவதில் வீக்கம் கண்ணுக்கே தெரியாமல், துலக்கும்போது ரத்தம் மட்டும் வரலாம். இரண்டாவதில் கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர் எந்த அகராதியைப் பார்த்தாரோ!