சேர்ந்து வாழ்ந்தவர்களின் குழந்தைக்கு ஜீவனாம்சம்: தாலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

"கல்யாணமே ஆகலையே மேடம், குழந்தைக்குன்னு நான் எப்படிக் கேஸ் போடுறது?" கொங்குப் பக்கத்தில் குடும்பநல வழக்குகள் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேட்பவர்களில் பலரும் வேலைக்கு வந்த ஊரில் ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்து, குழந்தை பெற்று, பிறகு தனியாக விடப்பட்ட பெண்கள். தாலி இல்லை என்பதாலேயே வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். மனுப் போட்ட நாளிலிருந்துதான் ஜீவனாம்சம் கணக்காகும் என்பதால், பேசாமல் கடந்த வருடங்களின் பணம் குழந்தைக்குப் போனது போனதுதான். இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

சட்டத்தில் இதற்குக் குழப்பமே கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகியிருக்கிறது. வசதியுள்ள ஒருவர் தன் குழந்தையைப் பராமரிக்கத் தவறினாலோ மறுத்தாலோ மாதாமாதம் பணம் கொடுக்கச் சொல்லலாம். திருமணத்தில் பிறந்த குழந்தை, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை இரண்டையும் அந்தப் பிரிவே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எந்த மதத்தினருக்கும் இது பொருந்தும். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமும் உண்டு. அது தாய், தகப்பன் இருவர் மீதும் இந்தக் கடமையை வைக்கிறது.

அம்மாவின் உரிமை வேறு, குழந்தையின் உரிமை வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், சேர்ந்து வாழ்ந்த பெண் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நிவாரணம் கேட்க வேண்டுமானால் இருவரும் ஊரறியக் கணவன் மனைவி போல, கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும், இருவருக்கும் மணம் செய்துகொள்ளத் தகுதி இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தது. அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால் அந்தப் பெண்ணின் பாடு திண்டாட்டம்தான். ஆனால் குழந்தைக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. 2005-ல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அம்மாவைச் சட்டப்படி மனைவி இல்லை என்று சொல்லி அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. அதே தீர்ப்பில் குழந்தைக்கான தொகையை உயர்த்திக் கொடுத்தது. அதனால் மனுவில் குழந்தையின் கோரிக்கையைத் தனியாக, தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் கோரிக்கை விழுந்தாலும் அது நிற்கும்.

ஒரே வீட்டில் இருக்கும்போதே கேட்கலாமா? கேட்கலாம். பிரிந்து வாழ்ந்தால்தான் குழந்தைக்குப் பணம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இரவு வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கோ மருந்துக்கோ பத்துப் பைசா தருவதில்லை என்றால் அதுவும் பராமரிக்கத் தவறியதுதான். அந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் கை கொடுக்கும். குழந்தைக்கான மாதச் செலவோடு, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவையும் அதில் கேட்க முடியும். மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுத்தாலே போதும்.

உண்மையான சண்டை எல்லாம் "இது என் குழந்தை இல்லை" என்ற ஒரு வரியில்தான் வந்து நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் வந்தார். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் தடுப்பூசி அட்டை, எல்.கே.ஜி. ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், கூடவே பிரசவம் பார்த்த மருத்துவமனையின் காகிதக் கட்டு. எதிர்மனுவில் அந்த ஆள் இந்தப் பெண்ணை யாரென்றே தெரியாது என்று சொல்லியிருந்தார். கட்டைப் புரட்டினால், சிசேரியனுக்கு ஒப்புதல் கொடுத்த படிவத்தில் அவர் கையெழுத்து. பக்கத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் அவரே தன் கையால் "கணவர்" என்று எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் அந்தத் தாளை அவரிடம் நீட்டியதும் பேச்சு அடங்கிவிட்டது. அடுத்த வாய்தாவில் சமரசத்துக்கு வந்தார்.

இந்த மாதிரிக் காகிதங்களை உறவு நன்றாக இருக்கும்போதே பத்திரப்படுத்துங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிபேயில் வந்த பணம், வாட்ஸப் செய்தி, பள்ளி விண்ணப்பம் எல்லாமே சாட்சிதான். போனை மாற்றும்போது பழைய செய்திகளை இழந்துவிடாதீர்கள்.

காகிதம் இல்லையென்றால் டிஎன்ஏ பரிசோதனை கேட்கலாம். நீதிமன்றம் அதைக் கேட்டவுடன் கொடுத்துவிடாது, அவசியம் இருக்கிறதா என்று பார்க்கும். உத்தரவு வந்தபின் அவர் ரத்தம் கொடுக்க மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய பள்ளம் மட்டும் இருக்கிறது. முதல் கணவரிடம் சட்டப்படி விவாகரத்து வாங்காமல் இன்னொருவரோடு வாழ்ந்து பிறந்த குழந்தையை, சட்டம் முதல் கணவரின் குழந்தையாகத்தான் பார்க்கும். கேரளத்திலிருந்து போன வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி உறுதி செய்தது. கரு உண்டான காலத்தில் கணவரோடு சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று நிரூபித்தால்தான் இதை உடைக்க முடியும். ஆகவே விவாகரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொகைக்கு நிலையான சூத்திரம் கிடையாது. ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். படிப்புச் செலவு பொதுவாகத் தகப்பனுடையது, அம்மாவுக்கும் நல்ல சம்பளம் இருந்தால் விகிதப்படி பிரித்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. "அவளும்தான் சம்பாதிக்கிறாள்" என்று சொல்லிவிட்டு ஒருவர் கழன்றுகொள்ள முடியாது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பலமுறை இழுக்கிறது. அதற்காகவாவது சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

காவல் நிலையத்தில் உட்காரவைத்து, முத்திரைத் தாளில் ஒரு தொகையை எழுதி, "இனிமேல் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிவிடுவது நம் ஊரில் சகஜம். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களும் தைரியமாக வரலாம். குழந்தையின் உரிமையை அம்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று நின்றுவிட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். உத்தரவு வாங்கியபின் அவர் பணம் கட்டாவிட்டால் வாரண்ட் கேட்கலாம், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. ஆனால் பாக்கி விழுந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்று அவர் சொல்வதை நம்பி அந்தக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். இரண்டு மாதம் தவறினால் மூன்றாவது மாதமே நீதிமன்றத்துக்கு வாருங்கள்.