கார்ட்லெஸ்: வடமில்லையா, கம்பியில்லையா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஹார்டுவேர் கடையில் ‘கார்ட்லெஸ் ட்ரில்’ கேட்டாலும் ‘பேட்டரி ட்ரில்’ கேட்டாலும் ஒரே பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். பிளக்கில் செருகும் வயர் இல்லாமல், பேட்டரியால் ஓடும் கருவி. பொருள் அவ்வளவுதான், சொல்லின் கதை கொஞ்சம் நீளம்.

ஆங்கிலத்தின் ‘கார்ட்’ பிரெஞ்சு, இலத்தீன் வழியே கிரேக்கச் சொல் ‘கோர்டே’யில் போய் நிற்கிறது. கோர்டே என்றால் குடல். குடலை முறுக்கிக் கட்டிய இசைக்கருவித் தந்தியும் அதுவே. (நாமும் யாழின் தந்தியை நரம்பு என்றுதானே சொன்னோம்.) பிறகு அது கயிறாகி, மின்சார வயருமாகியது. நீலகிரிக்காரர்களுக்கு இந்தக் குடும்பத்தில் இன்னொருவரையும் தெரியும்: அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி. வெடிமருந்தைக் கயிறுபோல இழையாக இழுத்ததால் அதற்குக் கார்டைட் என்று பெயர்.

பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் தன் முதல் கார்ட்லெஸ் ட்ரில்லை 1961இல் கொண்டுவந்தது. அதுவரை வயர் இருப்பதே இயல்பு என்பதால், இல்லாததைச் சொல்லிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

தமிழில் ‘கம்பியில்லா’ என்று எழுதுவது சரிவராது. கம்பியில்லாத் தந்தி காலத்திலிருந்தே அது வயர்லெஸ்ஸுக்கு உரியது; அங்கே இல்லாதது செய்தி போகும் கம்பி, இங்கே இல்லாதது மின்சாரம் வரும் வயர். தேர்வடத்தில் உள்ள வடத்தை எடுத்து ‘மின்வடமில்லா’ என்றால் நேர்ப்பொருள் வரும். எனக்கு அதுவும் திருப்தியில்லை. தேயிலைக் கொழுந்து வெட்டும் பேட்டரி மிஷினைப் பாருங்கள்: பேட்டரி முதுகில், வெட்டும் பகுதி கையில், நடுவே ஒரு வயர். வடமில்லா மிஷின் என்று அதை எப்படிச் சொல்வது? ‘மின்கலக் கருவி’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். இல்லாததை விட்டு, இருப்பதைச் சொல்கிறது.

அதே கணக்கில் வயர் உள்ளது கரண்ட் மிஷின், அதாவது மின்வடக் கருவி. நாள் முழுக்க கிரைண்டர் ஓடும் பட்டறைக்கு இன்றும் இதுதான். சரிவில் வேலி கட்டப் போகிறவருக்கு வயர் எட்டாது. எக்ஸ்டென்ஷனை நீட்ட நீட்ட வோல்டேஜ் இறங்கும், ஈரப் புல்லில் ஆபத்தும் கூடும்.

மூன்றாவது வகை ‘நியூமேட்டிக்’, அழுத்திய காற்றால் ஓடுவது; டயர் கடையின் ஏர் கன் போல. கிரேக்கத்தில் நியூமா என்றால் மூச்சு, காற்று. இதற்குத் தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கரிகாலனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறார் வெண்ணிக் குயத்தியார் (புறநானூறு 66). அங்கே காற்று நாவாயை ஓட்டியது, இங்கே நட்டைக் கழற்றுகிறது. ‘வளிக்கருவி’ போதும்.

மலையில் வளிக்கருவி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். சமவெளியில் போதுமாக இருந்த கம்ப்ரசர் இங்கே டேங்கை நிரப்பக் கூடுதல் நேரம் எடுக்கும். மூடுபனிக் காற்றின் ஈரம் டேங்கில் தண்ணீராகத் தேங்கும். அடியிலுள்ள வால்வைத் திறந்து தினமும் வடித்துவிட வேண்டும். உறைபனி மாதங்களில் மின்கலக் கருவிக்கும் ஒரு கவனம் உண்டு: இரவெல்லாம் வெளியே கிடந்த லித்தியம் பேட்டரியைக் குளிர் விட்ட பிறகே சார்ஜில் போடுங்கள்.