கணக்குக் கேட்டவர் கோராகு அல்ல

சென்ற மாதம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். தம் சபையில் பதினொரு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவர். கையில் ஒரு பழைய நோட்டு. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணிய காணிக்கையை முதலில் பென்சிலால் எழுதி, சரிபார்த்தபின் அதன்மேல் மையால் எழுதியிருந்தார். கட்டட நிதியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு தொகைக்கு ரசீது கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பிரசங்கம், வேதாகமத்தில் மோசேக்கு எதிராக எழும்பிய கோராகின் கலகத்தைப் பற்றி. கலகக்காரரைப் பூமி வாய் திறந்து விழுங்கிய இடம் வந்தபோது, போதகர் இவர் உட்கார்ந்திருந்த வரிசையையே பார்த்தாராம். நோட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "ஐயா, நான் கோராகா?"

சபைப் பிணக்குகளில் நடுவராக உட்காருவது என் ஊழியத்தில் பெரும்பங்கு. கோராகின் பெயரைச் சொல்லி வாயடைக்கப்பட்டு இந்த ஆண்டு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காமவர். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்று மேடையில் முழங்குகிறவர்கள் தயவுசெய்து 105-ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசியுங்கள். அங்கே பேசப்படுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைப் பற்றி. கொஞ்சப் பேராய், பரதேசிகளாய், தேசம் தேசமாய் அலைந்தவர்கள். அவர்களை ஒடுக்காதபடி கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார். நாதியற்றவர்களைக் காக்க அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையை, அதிகாரத்தில் இருப்பவரே எடுத்து ஒரு பொருளாளர்மேல் வீசுவது எந்த வேத வியாக்கியானம்?

தாவீதையும் துணைக்கு அழைக்கிறார்கள். தம்மைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைக் குகையில் கொல்ல வாய்ப்பிருந்தும் தாவீது கொல்லவில்லை, உண்மைதான். ஆனால் வாயை மூடிக்கொண்டும் போகவில்லை. குகைக்கு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, சவுலோடு 3000 வீரர் வந்திருந்த இடத்தில், "கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிக்கட்டும்" என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார். பிற்காலத்தில் அதே தாவீது பாவம் செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான் வந்து, "நீயே அந்த மனுஷன்" என்றார். தாவீது அவரைக் கோராகு என்று சொல்லவில்லை. "பாவஞ்செய்தேன்" என்றார்.

கோராகுக்கே வருவோம். அவர் ரசீது கேட்கவில்லை. ஆசாரியப் பட்டத்தைக் கேட்டார். அதே எண்ணாகமம் 16-இல், அவர்களில் ஒருவனுடைய கழுதையைக்கூடத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை என்று மோசே தேவனிடம் சொல்கிறார். ஆசரிப்புக் கூடார வேலைக்குச் செலவான 29 தாலந்து 730 சேக்கல் பொன்னுக்கு மோசேயின் கட்டளைப்படியே கணக்கு எழுதப்பட்டது. யாத்திராகமம் 38-இல் இன்றும் வாசிக்கலாம். முதிர்வயதில் சாமுவேல் ஜனத்தின் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று தாமாகவே கேட்டார். அபிஷேகம் பெற்றவர்கள் நடந்துகொண்ட விதம் இது.

யாக்கோபு 3:17 பரத்திலிருந்து வருகிற ஞானத்தை வருணிக்கும்போது "இணக்கம்" என்ற சொல் வருகிறது. மூலமொழியில் அது, எடுத்துச் சொன்னால் கேட்கும் மனதைக் குறிக்கும். ஒரு தலைவரை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தம்மைவிடச் சிறியவர் ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டியபோது கடைசியாக அவர் என்ன செய்தார் என்று விசாரிப்பேன். பிரசங்கத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். 1 தீமோத்தேயு 3-இல் சபைத் தலைவரான கண்காணிக்குச் சொல்லப்பட்ட தகுதிகளில் திறமை என்று சொல்லத்தக்கது "போதகசமர்த்தன்", அதாவது போதிக்கத் தெரிந்தவன், என்பது மட்டுமே. மற்றதெல்லாம் வீடு, நாக்கு, பணம், கோபம், அயலாரின் சாட்சி.

1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய குழுவினரும் கூடி, சுவிசேஷகர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பட்டியலிட்டார்கள். பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைப் பழித்தல், கூட்ட எண்ணிக்கையை மிகைப்படுத்துதல். அவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயதுதான். விழுவதற்கு முன்பே உட்கார்ந்து எழுதினார்கள்.

ஆகவே போதகர்களே, காணிக்கையை உறவினரல்லாத இருவர் அன்றே எண்ணிக் கையெழுத்திடட்டும். சபைக் கணக்கில் உங்கள் மனைவி, மகன் பெயர் வேண்டாம். "இது தவறு" என்று உங்களிடம் சொல்லக்கூடிய ஒருவர், உங்களிடம் சம்பளம் வாங்காதவர், உங்களுக்கு இருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே தேடுங்கள். விசுவாசிகளே, இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் குற்றம் சாட்டாதீர்கள். வதந்தியால் வீழ்த்தப்பட்ட நல்ல ஊழியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் 1 தீமோத்தேயு 5:19 வரை வாசித்துவிட்டு நிறுத்தாதீர்கள். பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. குழந்தைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு நடந்திருந்தால் சபைக் கமிட்டிக்குக் காத்திருக்க வேண்டாம். காவல் துறைக்குப் போங்கள், அன்றே.

"நீங்கள் கோராகு அல்ல" என்று அந்தப் பொருளாளரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மனைவிக்கு இன்னும் பயமாக இருக்கிறது, இரவில் பிள்ளைகளை எழுப்பி ஜெபிக்கிறாள் என்றார். அந்தப் போதகருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ரசீதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.